ஒரு பெயருக்கு ஒரே பதிவு: கணினி வலையமைப்பின் விபரக்கொத்துச் சேவை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கல்வி நிலையத்தின் கணினி அறையைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அங்கே 28 கணினிகள் இருந்தன. மாணவர், ஆசிரியர், அலுவலகத்தார் என்று ஏறத்தாழ 140 பேர் அவற்றைப் பயன்படுத்தினர். காலை வகுப்பில் மூன்றாம் மேசையில் இருந்த மாணவி மாலையில் பதினேழாம் மேசைக்குப் போகக்கூடும் என்பதால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் கணக்குத் திறந்து வைத்திருந்தோம். 28ஐ 140ஆல் பெருக்கினால் 3,920 வரும். அத்தனை பதிவுகளும் ஒன்றையொன்று அறியாமல் அந்தந்த இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தன. மாணவி மூன்றாம் மேசையில் தன் கடவுச்சொல்லை மாற்றினால், மற்றைய 27 இயந்திரங்களும் பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

தொல்லை என்ற அளவில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பின்னர் நடந்தது. ஓர் ஆசிரியர் விலகிச் சென்றபோது அவருடைய கணக்கை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்கிவிட்டதாகவே எண்ணியிருந்தோம். திருத்த வேலைக்குப் போயிருந்த 2 கணினிகள் எங்கள் நினைவில் வரவில்லை. அவை திரும்பி வந்த பின்னர், ஆசிரியருடைய பழைய கடவுச்சொல்லை அறிந்திருந்த ஒரு மாணவன் அதன் வழியே நுழைந்து புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறான் என்பது பல வாரங்கள் கழித்தே தெரியவந்தது. எவரும் பூட்டை உடைக்கவில்லை. ஆசிரியர் போய்விட்டார் என்ற செய்தி அந்த 2 இயந்திரங்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

யார் யார் நிலையத்தில் இருக்கிறார்கள், அவர்கள் என்னென்ன செய்யலாம் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்து, எல்லாக் கணினிகளும் அங்கே வந்து கேட்கும்படி செய்திருந்தால் இது நேர்ந்திராது. அந்த ஒரே இடத்தைத்தான் தொழில்நுட்பத்தார் டிரெக்டரி சேர்விஸ் என்பர். கலைச்சொல் தொகுப்புகளில் அடைவுச் சேவை என்று காணலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அடைவு என்றதும் நகையை அடைவு வைத்த கடையின் துண்டுதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்ததாகப் பாடசாலைப் பிள்ளைகளின் அடைவு மட்டம் வரும். போதாக்குறைக்குக் கணினியில் கோப்புகளை இட்டுவைக்கும் உறைக்கும் சிலர் அதே சொல்லை வழங்குகின்றனர். ஆகவே எங்களுக்குப் பழக்கமான தொலைபேசி விபரக்கொத்திலிருந்து சொல்லை எடுத்து, இங்கே விபரக்கொத்து என்றே எழுதுகிறேன். இந்தத் தொழில்நுட்பத்துக்கு முதலில் தரம் வகுத்தவர்களும் தொலைபேசித் துறையினரே என்பதால், சொல் தவறாகப் போய்விடவில்லை.

அச்சிட்ட விபரக்கொத்தை வாங்கியவர் அதில் எழுதுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறார். கணினி விபரக்கொத்தும் பெரும்பாலும் அப்படியே. ஒருவருடைய பதிவு சேர்ந்தபோது ஒரு தடவை எழுதப்படும். கடவுச்சொல் மாறும்போதோ வகுப்பு மாறும்போதோ திருத்தப்படும். ஆனால் அவர் கணினியில் நுழையும்போதும், வைஃபையில் இணையும்போதும், மின்னஞ்சலைத் திறக்கும்போதும், அச்சுப்பொறிக்கு ஒரு தாளை அனுப்பும்போதும் அது வாசிக்கப்படும். கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளம் நிமிடத்துக்கு நிமிடம் எழுதப்படுவது. அங்கே ஒரு பக்கம் கழித்த தொகை மறுபக்கம் கூட்டப்படாமல் நின்றுவிடக்கூடாது என்ற கவலையே முதன்மையானது. விபரக்கொத்தின் கவலை வேறு: ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் சடுதியில் விடை சொல்ல வேண்டும், கேட்பது எந்த நிறுவனம் செய்த மென்பொருளாக இருந்தாலும் விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது தேவைக்காகவே எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்விமொழி வகுக்கப்பட்டது. அதன் பெயர் எல்டப்.

முகவரி போன்ற ஒரு பெயர்

விபரக்கொத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பதிவு உண்டு. பதிவு என்பது பண்புகளின் தொகுப்பு: ஆளின் பெயர் ஒரு பண்பு, தொலைபேசி எண் ஒரு பண்பு, மின்னஞ்சல் முகவரி ஒரு பண்பு. ஒருவருக்கு இரண்டு தொலைபேசிகள் இருந்தால் அந்தப் பண்புக்கு இரண்டு மதிப்புகள் இருக்கலாம். எந்த வகைப் பதிவில் எந்தப் பண்புகள் கட்டாயம் இருக்க வேண்டும், எவை விருப்பமானவை என்பதை முன்கூட்டியே வகுத்துவைத்த ஒரு விதித்தொகுப்பும் உண்டு. ஆட்களுக்கு மட்டுமன்றி, கணினிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் குழுக்களுக்கும்கூட இப்படிப் பதிவுகள் வைக்கலாம்.

இந்தப் பதிவுகள் வரிசையாக அடுக்கப்படுவதில்லை, மரமாகக் கிளைவிடுகின்றன. இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் அவற்றின் கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஜே என்ற எழுத்தோடு தொடங்கும் ஓர் எண் உண்டு. ஒருவருடைய பெயரைச் சொல்லி, ஜே எண்ணைச் சொல்லி, பிரதேச செயலகத்தைச் சொல்லி, மாவட்டத்தையும் சொன்னால், அதே பெயருடைய இன்னொருவர் வடமராட்சியில் இருந்தாலும் குழப்பம் வராது. விபரக்கொத்தில் ஒரு பதிவின் முழுப்பெயரும் இவ்வாறே, கடித உறையில் முகவரி எழுதுவதுபோல், சிறியதிலிருந்து பெரியதை நோக்கி எழுதப்படுகிறது: முதலில் ஆளின் பெயர், பிறகு அவர் இருக்கும் கிளை, பிறகு நிறுவனம். கிளையைக் குறிக்க ஓ.யூ. என்ற இரண்டு எழுத்துகளும், நிறுவனத்தின் இணையப் பெயரின் ஒவ்வொரு துண்டையும் குறிக்க டீ.சீ. என்ற எழுத்துகளும் வழங்குகின்றன. இம்முழுப்பெயர் மரம் முழுவதிலும் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது.

மரமாக வைப்பதால் தேடலுக்கு எல்லை வகுக்கலாம். இந்த ஒரு பதிவை மட்டும் பார், இதற்கு அடுத்த கீழ்ப்படியை மட்டும் பார், இந்தக் கிளையையும் அதற்குக் கீழுள்ள அனைத்தையும் பார் என்று மூன்று விதமாக எல்டப் மொழியில் கேட்க முடியும். பொறுப்பையும் கிளைவாரியாகப் பகிர்ந்துகொடுக்கலாம். ஒரு பிரிவின் விதானையார், அதாவது கிராம அலுவலர், தன் பிரிவுப் பதிவேட்டில் எழுதுவாரேயன்றி அயற்பிரிவின் பதிவேட்டில் கைவைக்க மாட்டார். அதுபோல, மாணவர் கிளையில் கடவுச்சொல்லை மீளமைக்கும் அதிகாரத்தை ஆய்வுகூட உதவியாளருக்குக் கொடுத்துவிட்டு, அலுவலகக் கிளையை அவர் தொட முடியாதபடி தடுத்துவைக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று இங்கேதான் இருக்கிறது. நானும் அதைச் செய்தேன். நிலையத்தின் நிர்வாக அமைப்பை அப்படியே மரமாக வரைந்து, கணக்கியல் பிரிவுக்கு ஒரு கிளை, அதற்குள் 2ஆம் ஆண்டுக்கு ஒரு கிளை, அதற்குள் மாலை வகுப்புக்கு ஒரு கிளை என்று இறங்கிக்கொண்டே போனேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. தை மாதம் பிறந்து மாணவர்கள் அடுத்த ஆண்டுக்கு ஏறியதும் அத்தனை பேரையும் கிளை மாற்ற வேண்டியதாயிற்று. கிளை மாறினால் முழுப்பெயர் மாறும். அந்த முழுப்பெயரை எழுதிவைத்திருந்த குழுக்களும் மென்பொருள்களும் பழைய முகவரியில் ஆளைத் தேடி ஏமாந்தன. மாறிக்கொண்டிருக்கும் செய்திகளை மரத்தில் வைக்கக்கூடாது. பண்பாகவோ குழுவாகவோ வைக்க வேண்டும். எவர் எதை நிர்வகிக்கிறார் என்பதற்கு எவ்வளவு கிளைகள் தேவையோ அவ்வளவே போதும். எங்களுக்கு ஈற்றில் 4 கிளைகள்தான் தேவைப்பட்டன: ஆட்கள், குழுக்கள், கணினிகள், விலகியோர்.

இது வந்த வழி

1980களில் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யுனிக்ஸ் கணினிகளின் பயனர் பட்டியலை ஒரே இடத்திலிருந்து பரப்புவதற்கு ஒரு சேவையை ஆக்கி, அதற்கு யெலோ பேஜஸ், அதாவது மஞ்சள் பக்கங்கள், என்று பெயரிட்டது. அப்பெயர் பிரித்தானியாவில் பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருந்தபடியால் என்.ஐ.எஸ். என்று மாற்ற நேர்ந்தது. ஆயினும் அச்சேவையின் கட்டளைகள் இன்றும் வை.பீ. என்ற எழுத்துகளோடுதான் தொடங்குகின்றன. எளிமையானது, ஆனால் மரம் இல்லாத வெறும் பட்டியல். கேட்ட கணினிக்கெல்லாம் மறைகுறியிட்ட கடவுச்சொற்களின் முழுப்பட்டியலையும் தூக்கிக் கொடுத்துவிடும் தாராள குணமும் அதற்கு இருந்தது.

இன்னொரு பக்கம், தொலைபேசி நிர்வாகங்களின் சர்வதேச அமைப்பும் சர்வதேசத் தர நிறுவனமும் சேர்ந்து 1988இல் எக்ஸ்.500 என்ற தரத்தை வெளியிட்டன. உலகம் முழுவதற்கும் ஒரே மரம், உச்சியில் நாடுகள், அவற்றின் கீழ் நிறுவனங்கள், அவற்றின் கீழ் ஆட்கள் என்பது அவர்களுடைய கனவு. கனவு பெரியது, அதைப் பேசுவதற்கு வகுத்த மொழியும் பெரியது. அன்றைய மேசைக் கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிம் ஹோவ்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் அதன் சுமையைக் குறைத்து, சாதாரண இணைய இணைப்பின் மேல் ஓடக்கூடிய ஒரு சிறிய மொழியை ஆக்கினர். அதன் முதல் ஆவணம் 1993இல் வெளியாயிற்று. எல்டப் என்ற பெயரின் முதலெழுத்துக்கு 'எடை குறைந்த' என்பதே பொருள். இன்று வழக்கில் இருக்கும் 3ஆம் பதிப்பு 1997இல் வந்து, 2006இல் செம்மையாக்கப்பட்டது. பெரிய எக்ஸ்.500 சேவையகத்தின், அதாவது மற்றைய கணினிகளின் கேள்விகளுக்கு விடை சொல்லும் கணினியின், வாசலில் நிற்கும் உதவியாளாகப் பிறந்த எல்டப், காலப்போக்கில் தானே வீட்டை நடத்தத் தொடங்கிவிட்டது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000 பெப்ரவரியில் விண்டோஸ் 2000 சேர்வரோடு வெளியிட்ட அக்டிவ் டிரெக்டரி, அலுவலகங்களில் மிகவும் பரவிய விபரக்கொத்து. அதற்கு முன்னரே, 1993இல், நொவெல் நிறுவனம் நெற்வெயர் 4 உடன் இத்தகைய ஒன்றைத் தந்திருந்தது. விலையின்றிக் கிடைப்பவற்றுள் ஓப்பன்எல்டப் 1998 முதல் இருக்கிறது. 2012 இறுதியில் வந்த சம்பா 4, லினக்ஸ் கணினி ஒன்றையே அக்டிவ் டிரெக்டரியின் தலைமைக் கணினியாக நடத்தும் வசதியைக் கொடுத்தது. விண்டோஸ் கணினிகள் நிறைந்த, ஆனால் உரிமக் கட்டணம் கட்ட வசதியில்லாத சிறிய நிலையங்களுக்குச் சம்பாவையே நான் பரிந்துரைப்பேன். எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் லினக்ஸ் ஓடிய பழைய கணினிகள் என்பதால் ஓப்பன்எல்டப் போதுமாயிருந்தது.

உள்நுழையும்போது நடப்பது

மாணவி ஒருத்தி தன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறாள். கணினி முதலில் விபரக்கொத்திடம் இந்தப் பயனர் பெயருடைய பதிவு எது என்று கேட்டு, அதன் முழுப்பெயரைப் பெற்றுக்கொள்கிறது. பிறகு அந்த முழுப்பெயரோடும் அவள் தந்த கடவுச்சொல்லோடும் சேவையகத்தில் தன்னைப் பிணைத்துக்கொள்ள முயல்கிறது. சேவையகத்தில் கடவுச்சொல் எழுதப்பட்டிருப்பதில்லை. அதை அரைத்தெடுத்த, திரும்ப முழுமையாக்க முடியாத ஒரு சக்கையே இருக்கும். வந்த சொல்லையும் அவ்வாறே அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாயிருந்தால் பிணைப்பை ஏற்றுக்கொள்ளும். மாவைப் பார்த்து எந்த அரிசி என்று ஒப்பிடலாமே தவிர, மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது.

இந்த எளிய முறையில் கடவுச்சொல் கம்பி வழியே பயணம் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சேவையகத்தில் ஒவ்வொரு சேவைக்கும் எண்ணிட்ட ஒரு வாயில் உண்டு; எல்டப் வழக்கமாகக் கேட்கும் 389ஆம் வாயிலில் மறைகுறியாக்கம் தானாக நடப்பதில்லை. அதே அறையில் இருக்கும் ஆர்வக்கோளாறு பிடித்த ஒருவன் வலையமைப்பை ஒட்டுக்கேட்டால் சொல் வெளிச்சமாகத் தெரியும். ஆகையால், தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கப்பட்ட 636ஆம் வாயிலையோ, 389இலேயே பேச்சைத் தொடங்கியவுடன் மறைகுறியாக்கத்துக்கு மாறும் முறையையோ பயன்படுத்த வேண்டும். முதல் நாளிலேயே செய்யாமல் பின்னர் பார்ப்போம் என்று விட்டுவைப்பவர்கள் பெரும்பாலும் பின்னரும் பார்ப்பதில்லை.

ஆள் யார் என்று உறுதிப்படுத்துவதும், அந்த ஆளுக்கு என்ன செய்ய அனுமதி உண்டு என்று தீர்மானிப்பதும் வேறுவேறு. வதிவிடச் சான்றிதழில் விதானையார் கையெழுத்திட்டால், இன்னார் இந்தப் பிரிவில் வசிக்கிறார் என்பது உறுதியாகும். அதைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்தால் கடன் தருவதா இல்லையா என்பதை வங்கிதான் தீர்மானிக்கும். விதானையாருக்கு அதில் பேச்சில்லை. விபரக்கொத்தும் இவர் இன்னார், இன்னின்ன குழுக்களில் இருக்கிறார் என்று சொல்வதோடு பெரும்பாலும் நின்றுகொள்ளும். புள்ளிப் பட்டியல் உறையைத் திறக்கலாமா என்பதை அந்த உறையைக் காக்கும் கணினி, குழுவைப் பார்த்து முடிவு செய்யும். அனுமதியை ஆளுக்கு நேரடியாகக் கொடுக்காமல் ஆசிரியர்கள் என்ற குழுவுக்குக் கொடுத்துவைத்தால், புதிய ஆசிரியர் வரும்போது அவரைக் குழுவில் சேர்ப்பது ஒன்றே வேலை.

ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுக்காமல் இருப்பதற்குக் கேர்பெரோஸ் என்ற முறை துணைக்கு வருகிறது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1980களில் உருவான இது, கிரேக்கப் பழங்கதையில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் முத்தலை நாயின் பெயரைத் தாங்கியது. பாடசாலைப் பிள்ளைகள் மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை காசு கட்டிப் பருவச்சீட்டு எடுத்துவிட்டு, நாளாந்தம் பேருந்தில் அதைக் காட்டுவதை இதனோடு ஒப்பிடலாம். காலையில் ஒருமுறை ஆளை உறுதிப்படுத்தியதும் ஒரு சீட்டு வழங்கப்படும். அக்டிவ் டிரெக்டரியில் அது வழக்கமாக 10 மணித்தியாலம் செல்லும். பிறகு கோப்புச் சேவையகத்துக்கோ அச்சுப்பொறிக்கோ போகும்போது அந்தச் சீட்டைக் காட்டி, அந்தந்த இடத்துக்குரிய உபசீட்டைப் பெற்றுக்கொள்ளலாம். கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை.

சீட்டில் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சீட்டைக் களவெடுத்து மறுபடி காட்டுவதைத் தடுப்பதற்காக, இரு கணினிகளின் மணிக்கூடுகளுக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழக்கமான அமைப்பில் கேர்பெரோஸ் சீட்டை ஏற்காது. புத்தகத்தில் இதைப் படித்தபோது பெரிய விடயமாகத் தோன்றவில்லை. ஒருநாள் மதியம் நீண்ட மின்தடைக்குப் பிறகு கணினிகளை இயக்கியபோது, 6 கணினிகள் மட்டும் எவரையும் உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தோம், வயரைக் கழற்றி மாட்டினோம், சேவையகத்தையும் நிறுத்தி மீள இயக்கினோம். மாலையில், திரையின் மூலையில் இருந்த திகதியை ஒரு மாணவிதான் கவனித்துச் சொன்னாள்: பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. அந்த 6 கணினிகளின் தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி செத்துப்போயிருந்ததால், மின்சாரம் நின்றதும் மணிக்கூடு தன் பிறந்த நாளுக்கே திரும்பிவிட்டது. பற்றரியை மாற்றி, எல்லாக் கணினிகளும் சேவையகத்தோடு நேரத்தை ஒத்துக்கொள்ளும்படி அமைத்த பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. உள்நுழைய முடியவில்லை என்று எவர் சொன்னாலும் இப்போதும் நான் முதலில் பார்ப்பது மணிக்கூட்டைத்தான்.

எங்கள் பெயர்களும் குடும்பப் பெயர் என்ற பெட்டியும்

எல்டப் தரத்தில் ஓர் ஆளைக் குறிக்கும் அடிப்படை வகைப் பதிவுக்கு இரண்டு பெயர்ப் பண்புகள் கட்டாயம்: ஒன்று ஆளின் பெயர், மற்றையது குடும்பப் பெயர். இவற்றை விட்டுவிட்டால் சேவையகம் பதிவை ஏற்காது. தரத்தை வகுத்தவர்களுடைய நாடுகளில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தது. எங்களிடம் அது இல்லை. க. சிவகுமாரன் என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். முன்னால் நிற்கும் எழுத்து அவருடைய தந்தையார் கந்தையாவைக் குறிக்கிறது. குடும்பப் பெயர்ப் பெட்டியில் கந்தையா என்று இட்டால், மின்னஞ்சல் மென்பொருள் மகனைத் தந்தையின் பெயரால் மரியாதையாக விளித்துக்கொண்டிருக்கும்; பெயர் வரிசையிலும் அவர் சிவகுமாரனாக இல்லாமல் கந்தையாவாகவே போய் நிற்பார். அவருடைய மகளுக்குத் தலையெழுத்து சி ஆகும். திருமணமான பின் சிலர் கணவரின் எழுத்துக்கு மாறுவர், சிலர் மாறார். ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று "குடும்பப் பெயர்கள்" வந்துவிடும்.

நாங்கள் கண்ட வழி, குடும்பப் பெயர்ப் பெட்டியில் ஆளின் சொந்தப் பெயரையே இட்டுவிட்டு, தலையெழுத்துக்கென்று இருக்கும் தனிப் பண்பில் எழுத்தை இடுவது. திரையில் காட்டுவதற்கான பெயருக்கும் தனிப் பண்பு உண்டு, அதில் க. சிவகுமாரன் என்று முழுதாக எழுதிவிடலாம். தரத்தின் எழுத்துக்கு இது உடன்பாடு, எண்ணத்துக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் எவரும் தந்தையின் பெயரால் அழைக்கப்படவில்லை.

தமிழிலேயே பெயரை எழுதுவதற்கு எல்டப் 3ஆம் பதிப்பில் தடையேதும் இல்லை, ஏனெனில் அது யுனிகோட் எழுத்துகளை ஏற்கும். ஒரே பண்பைத் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக, மொழிக்குறியோடு வைப்பதற்கும் 1999இல் விதி வகுக்கப்பட்டு, 2004இல் புதுப்பிக்கப்பட்டது. எல்லா மென்பொருள்களும் அதைப் பின்பற்றுவதில்லை. பயனர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலோ எண்ணிலோ வைப்பதே நல்லது. அதிலும் எண்ணே மேல் என்பது என் கருத்து. சிவகுமாரன் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதும் மூன்று பேர் ஒரே வகுப்பில் இருப்பது எங்கள் ஊரில் புதுமையல்ல. கடவுச்சொல் மறந்தது எவருக்கு என்று தொலைபேசியில் கேட்டுப் புரிந்துகொள்வதற்குள் பாடவேளை முடிந்துவிடும். சேர்க்கை எண் மாறாது, திருமணத்தோடும் மாறாது. தேசிய அடையாள அட்டை எண்ணும் மாறாததுதானே என்று சிலர் கேட்பர். விபரக்கொத்தைப் பலரும் பலதும் வாசிக்கும். பிறந்த ஆண்டையும் நாளையும் தனக்குள் வைத்திருக்கும் ஓர் எண்ணை அதில் பயனர் பெயராகத் தொங்கவிடுவது முறையல்ல.

இரண்டாவது சேவையகம்

எல்லாக் கணினிகளும் ஒரே இடத்தில் கேட்கின்றன என்றால், அந்த இடம் வாய்மூடிவிட்டால் எல்லாமே நின்றுவிடும். ஆகையால் விபரக்கொத்தின் பிரதியொன்றை இன்னொரு சேவையகத்திலும் வைத்திருப்பது ஆடம்பரமல்ல. முதலாவதில் எழுதப்பட்டது சில விநாடிகளில் இரண்டாவதற்குப் போய்ச் சேரும். முதலாவது நின்றால் கணினிகள் இரண்டாவதிடம் கேட்கும். அக்டிவ் டிரெக்டரியில் எந்தப் பிரதியிலும் எழுதலாம், அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அந்தச் சில விநாடிகளுக்குள் இரு பிரதிகளும் வேறுவேறு விடை சொல்லக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே அறையில், ஒரே யூ.பி.எஸ்ஸில் பொருத்திவைத்தால் பிரதி வைத்ததன் பயன் பாதி போய்விடும். எங்கள் இரண்டாவது சேவையகம், எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பழைய மடிக்கணினி. அதன் பற்றரியே யூ.பி.எஸ். வேலையையும் பார்த்தது, 140 பதிவுகளுக்கு அதற்கு மேல் வலு தேவைப்படவில்லை.

பிரதி இருக்கிறது என்பதற்காகக் காப்புப்படி எடுக்காமல் விட்டுவிடக்கூடாது. தவறுதலாக ஒரு கிளையை அழித்தால், அந்த அழிப்பும் சில விநாடிகளில் உண்மையாகவே இரண்டாவதற்கும் போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் இரவுதோறும் முழு விபரக்கொத்தையும் ஒரு உரைக் கோப்பாக இறக்கி வேறிடத்தில் வைத்தோம். அதை எவரும் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து வாசிக்கலாம் என்பது வசதி. எவரும் வாசிக்கலாம் என்பதாலேயே அதைப் பூட்டிவைக்கவும் வேண்டும்.

இப்போது பலர் இணையத்தின் வழியே எட்டக்கூடிய விபரக்கொத்துகளை, மைக்ரோசொப்ட் 2023இல் என்ட்ரா ஐ.டி. என்று பெயர் மாற்றிய சேவை போன்றவற்றை, வாடகைக்கு எடுக்கின்றனர். சேவையகத்தைப் பராமரிக்கும் சுமை குறையும். இணைய இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பதிலாக வந்து நிற்கும். பல்கலைக்கழகத்தார் பயன்படுத்தும் எடுரோம் வைஃபையில் இன்னோர் அழகான ஏற்பாடு உண்டு. வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போன மாணவர் தன் சொந்த நிறுவனத்தின் பயனர் பெயரையே தட்டுவார். பெயரின் பின்பகுதியைப் பார்த்து, கேள்வி அவருடைய நிறுவனத்தின் விபரக்கொத்துக்கு அனுப்பப்படும். அவர் போயிருக்கும் நிறுவனம் அவருடைய கடவுச்சொல்லைக் காண்பதே இல்லை. எவருடைய ஆளுக்கு எவர் சாட்சி சொல்வது என்பது அங்கே தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது.

இனி, விலகிச் செல்பவர்கள். விபரக்கொத்து வந்த பின்னர், விலகுபவரின் பதிவை ஒரே இடத்தில் அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணி, முதல் ஆண்டு முடிவில் விலகிய மாணவர்களின் பதிவுகளை அழித்துவிட்டு, கணினி உள்ளே அவர்களுக்கு வைத்திருந்த எண்களை (சேர்க்கை எண்களை அல்ல) புதியவர்களுக்குக் கொடுத்தேன். லினக்ஸ் கணினி கோப்பின் உரிமையாளரைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை; அந்தப் பெயருக்குரிய எண்ணால் மட்டுமே வைக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை முதல் நாளே பொது உறையைத் திறந்தபோது, முன்னர் விலகிய ஒருவனுடைய படங்களும் கடிதங்களும் அவளுடைய பெயரில், அவள் திருத்தவும் அழிக்கவும் கூடியவையாக அங்கே இருந்தன. அவள் பயந்துபோய் வந்து சொன்னாள்: "சேர், இது நான் போட்டதில்லை." அதன் பிறகு எங்கள் நிலையத்தில் எந்த எண்ணும் மீள வழங்கப்படவில்லை. விலகுபவரின் பதிவு அன்றைக்கே முடக்கப்பட்டு, எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுக்கப்பட்டு, விலகியோர் கிளைக்கு நகர்த்தப்படும். அங்கே அது தன் எண்ணோடு அப்படியே இருக்கும்.